ஏழு ஆ

மூன்று என்றால் உறவு பலம்.
இரண்டு, சுமார்.
ஒன்று, ஏதோ இருக்கிறது.
கோடு போட்டால் உறவே இல்லை.
கல்யாணப் பத்திரிகை வைக்கும் பட்டியல் மாதிரிதான்.
இடப்பக்கம் என் பாடத்தின் விளைவுகள் ஆறு,
மேலே பட்டப்படிப்பின் விளைவுகள் பன்னிரண்டு,
நடுவில் எழுபத்திரண்டு கட்டங்கள்.
போன வருடம் அவற்றை நிரப்பியது
மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி, போனில்.
மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.
பஸ் வந்துவிட்டது.

இது மே மாதம்.
துறையின் கணினி அறையில் ஏசி பழுது.
தெற்குக் காற்றோடு சிப்காட்டும் உள்ளே வரும் என்று
ஜன்னலைச் சாத்திவிட்டு
அறுபத்தொரு பேரின் மதிப்பெண்களைக்
கேள்வி கேள்வியாகப் பிரித்து ஏற்றுகிறேன்.
ஒன்று பச்சை. இரண்டு பச்சை.
ஐந்து மஞ்சள்.
ஏழு ஆ
சிவப்பு.

இருநூற்று நாற்பது ஹெக்டேர் நிலம்,
பெண்ணையாற்றங்கரை.
மணிக்கு அறுபது மில்லிமீட்டர் மழை.
இணைத்த வரைபடத்தைப் பார்த்து
வழிந்தோடும் பங்கை நீயே தேர்ந்துகொள்.
நொடிக்கு எவ்வளவு நீர்?

வரைபடத்தில் வயல். அதனால் பூஜ்யம் புள்ளி மூன்று.
விடை பன்னிரண்டு கனமீட்டர்.
தேறியது பத்தொன்பது பேர்.
சிலர் தொடவே இல்லை.
ஃபெலிக்ஸ் பங்கை மூன்று என்று எடுத்திருந்தான்,
பெய்ததைப்போல் மும்மடங்கு
ஓடியது அவன் தாளில்.

நாணமேட்டு தேவயானி
'வயல்' என்ற சொல்லை வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
மேடம், இந்த மேப் பழசு. அங்கே இப்போ பிளாட்.
பூஜ்யம் புள்ளி ஏழு.
விடை இருபத்தெட்டு.
கீழே இன்னும் சின்னதாக,
எங்க வீட்டுச் சுவத்துல கறை ஜன்னல் வரைக்கும் இருக்கு.

நவம்பரில் நான் போட்டது நான்கு.
சூத்திரத்துக்கு மூன்று, அலகுக்கு ஒன்று.
விடைக்குறிப்பில் கறைக்கு மதிப்பெண் இல்லை.

கட்டை அவிழ்த்து அவள் தாளைத் தேடி எடுத்தேன்.
நான்கை அடித்துப் பன்னிரண்டு போட்டுக் கையெழுத்திட்டேன்.
பத்தொன்பது இருபதாயிற்று.
கட்டம் அசையவில்லை.
அதே சிவப்பு.

'எடுத்த நடவடிக்கை' என்றொரு பெட்டி.
"எக்ஸ்ட்ரா கிளாஸ் எடுத்தோம்னு போடுங்க மேடம்,"
துறைத்தலைவர் இருதயராஜ், போனில்,
"எல்லாரும் அதான் போடுவாங்க."
எல்லாரும் அதைத்தான் போட்டிருந்தார்கள்.
ஐந்து வருடமாக அதே வாக்கியம்,
அதே இடத்தில் அதே எழுத்துப் பிழை.
சனிக்கிழமை கல்லூரி பஸ் ஓடாது.
எந்த வகுப்பு, யாருக்கு?

பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
நிலத்தைப் பார்த்துப் பங்கைத் தேர்வது எப்படி:
ஏழாம் பருவம், விருப்பப் பாடம்.
பதினைந்து பேர் சேராததால்
இரண்டு வருடமாக நடக்கவில்லை.
நான் கேட்டது ஐந்தாம் பருவத்தில்.
இத்தனைக்கும் 'சமூகமும் பொறியாளரும்' என்ற கட்டத்தில்
மூன்று போட்டிருந்தது நான்தான்.
உறவு பலம்.

மூன்றை ஒன்றாக்கினேன்.
பிழையோடு அந்த வாக்கியத்தை அழித்தேன்.
தட்டினேன்:
கேட்பது ஐந்தில். சொல்லித்தருவது ஏழில், ஆள் சேர்ந்தால்.
பாடம் முன்னால் வரவேண்டும், கட்டாயமாக.
வரைபடம் இந்த வருடத்தையதாக இருக்கவேண்டும்.
ஜூன் மாதப் பாடத்திட்டக் குழு முடிவெடுக்க
பணிவுடன் பரிந்துரைக்கப்படுகிறது.

பெட்டி நிறைந்துவிட்டது.
இருநூறு எழுத்துக்குமேல் ஏற்காதாம்.
சுவர் இன்னும் வெளியே நின்றது.

'பணிவுடன்' போயிற்று.
'பரிந்துரைக்கப்படுகிறது' போயிற்று.
கறைக்கு
இடம் கிடைத்தது.